வெற்றிடக் குழல் மிகைப்பிகளில் மின் பாதுகாப்பு

வெற்றிடக் குழல் மிகைப்பி (பேச்சு வழக்கில் வால்வு ஆம்ப்ளிபயர்) என்பது திரிதடையங்களுக்கு மாற்றாக வெற்றிடக் குழல்களைக் கொண்டு ஒலிக்குறிகையைப் பெருக்கும் கருவி ஆகும். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் இதனுள் உயர் மின்னழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும். பழுதுபார்ப்போருக்கு இதுவே முதன்மையான இடராகும்.

பின்னணி

திரிதடைய மிகைப்பிகள் பரவுவதற்கு முன்னர், அறந்தாங்கி போன்ற ஊர்களின் கோயில் திருவிழாக்களிலும் திருமண வீடுகளிலும் ஒலித்த மைக்செட்டுகள் இவ்வகையினவே. மைக்செட்டுக்காரர் "குழாய்" என்றது கூம்பு ஒலிபெருக்கியை. வெற்றிடக் குழல் அவர்களுக்கு "வால்வு". பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனம் 1961 முதல் வால்வுகளைத் தயாரித்தது.

எஞ்சிய மின்னேற்றம்

230 வோல்ட்டு வீட்டு மின்சாரம் மின்மாற்றியால் உயர்த்தப்பட்டு, அலைதிருத்தியின் வழியே பெரும்பாலும் 250 முதல் 450 வோல்ட்டு வரையிலான நேர்மின்னோட்டமாகிறது. அதைச் சீராக்கும் மின்தேக்கிகள் மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கின்றன. 450 வோல்ட்டில் உள்ள 50 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றில் ஏறத்தாழ 5 யூல் ஆற்றல் இருக்கும்.

நல்ல நிலையிலுள்ள கருவியை நிறுத்தியதும், சூடான வால்வுகளின் வழியாகவே இம்மின்னேற்றம் விரைவில் வடிந்துவிடும். வால்வு கழற்றப்பட்டிருந்தாலோ அதன் இழை அறுந்திருந்தாலோ அவ்வழி இல்லை. ஆகவே பழுதாகி மேசைக்கு வரும் கருவியே கூடுதல் இடர் உடையது. மின்னேற்றத்தை வடிக்கவென்றே பொருத்தப்பட்ட மின்தடையும் பழைய கருவிகளில் அறுந்திருக்கலாம். அதை நம்புதல் கூடாது.

மின்னிறக்கும் முறை

முதலில் செருகியைப் பிடுங்க வேண்டும். ஆளியை அணைப்பது மட்டும் போதாது. பின் 10 கிலோஓம், 10 வாட்டு மின்தடையின் ஒரு முனையை உலோக அடிச்சட்டத்தில் (சேசிஸ்) கவ்வியால் பொருத்தி, மறுமுனையை, காப்பிட்ட பிடியைப் பற்றி, மின்தேக்கியின் நேர்முனையில் சில நொடிகள் வைக்க வேண்டும். இதை ஒவ்வொரு மின்தேக்கிக்கும் செய்து, மல்டிமீட்டரால் அளந்து உறுதி செய்தல் வேண்டும். மின்னிறக்கிய பின்னும் மின்தேக்கியில் சிறிது மின்னழுத்தம் மீளும் என்பதால் மீண்டும் அளப்பது நன்று. திருப்புளியால் குறுக்கிடும் பழக்கம் பரவலானது; ஆனால் அது தீப்பொறியை எழுப்பி மின்தேக்கியையும் கெடுக்கும்.

பிற இடர்கள்

இயங்கும் கருவியை அளக்கும்போது, மின்னோட்டம் மார்பின் வழியே பாயாதிருக்க, ஒரு கையை மட்டும் பயன்படுத்துவர். ஈரமான சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நிற்றல் ஆகாது. வீட்டிலுள்ள மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.) இங்கு உதவாது; மின்மாற்றியின் துணைச்சுற்றில் நிகழும் அதிர்ச்சியை அது உணர்வதில்லை.

மின்மாற்றி இல்லாத ஏசி/டிசி வானொலிப் பெட்டிகளில் அடிச்சட்டமே மின்வழங்கலுடன் நேரடியாக இணைந்திருக்கும். அவற்றைப் பிரிப்பு மின்மாற்றியின் வழியாகவே இயக்க வேண்டும். ஒற்றைச் சுருளுடைய வேரியாக் அதற்கு ஈடாகாது. தொலைவிலுள்ள குழாய்களுக்குச் செல்லும் 100 வோல்ட்டு ஒலிபெருக்கிக் கம்பியும், மிகைப்பி முழு வலுவில் இயங்கும்போது, அதிர்ச்சி தரவல்லது.