போன வருஷங்களுக்கு விலை

ஒரு மனிதனைக் குற்றவாளி என்று சிறையில் அடைத்துவிட்டு, வருஷங்கள் கழித்து, "பிசகு நேர்ந்துவிட்டது, நீ போகலாம்" என்று கதவைத் திறந்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? லட்சுமிகாந்தன் கொலை வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது.

1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில், மஞ்சள் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அதற்குச் சதி செய்ததாக எம். கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். அந்தத் தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' படம் பிராட்வே டாக்கீஸில் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் பாகவதர் பாட, ஜனங்கள் சொக்கிக் கிடந்தார்கள். பாடியவரோ கம்பிகளுக்குப் பின்னால்!

1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தார்கள். ஹைகோர்ட்டில் அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார்கள். அது வழக்கைத் திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் அதே ஹைகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது.

இரண்டு வருஷத்துக்கு மேல் சிறையில் கழிந்தது. சொத்து வக்கீல்களுக்குக் கரைந்தது. நஷ்ட ஈடாக ஒரு காலணாகூட வரவில்லை. கலைவாணர் எப்படியோ எழுந்துகொண்டார். பாகவதரால் முடியவில்லை. 1948-ல் வந்த 'ராஜமுக்தி' தோற்றது. பழைய சிம்மாசனம் கிட்டாமலே, 1959-ல், ஐம்பது வயது நிரம்புமுன் கண்ணை மூடினார்.

நஷ்ட ஈடு என்ற எண்ணமே அப்போது யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருந்தது. இங்கிலாந்தில் அடால்ஃப் பெக் என்பவரை வேறொரு மோசடிக்காரன் என்று எண்ணி 1896-ல் தண்டித்தார்கள். 1904-ல் மறுபடியும் அதே பிசகு. அந்த வருஷமே நிஜ ஆசாமி அகப்பட்டதும், பெக்குக்கு 5,000 பவுன் கொடுத்தார்கள். சென்னையை ஆண்டதும் அதே ராஜாங்கந்தான்!

பாகவதருக்காவது லண்டன் வரை போகக் கையில் பணம் இருந்தது. சேர்வராயன் மலையில், வெள்ளக்கடைப் பக்கம் காப்பிப் பழம் பறித்துப் பிழைக்கும் ஒருவனுக்கு இந்தக் கதி நேர்ந்தால்? அவன் இழந்த கூலியையும், அதற்குள் அவன் வீட்டில் ஏறிய கடனையும் யார் கணக்குப் பார்ப்பார்கள்?

சுதந்திர இந்தியாவில் ஒரு வாசல் திறந்தது. பீகாரில் ருதுல் ஷா என்பவர், 1968-ல் விடுதலைத் தீர்ப்புப் பெற்ற பிறகும் பதினான்கு வருஷம் சிறையில் கிடந்தார். 1983-ல் சுப்ரீம் கோர்ட், முன்பு கொடுத்த 5,000 ரூபாயோடு இன்னும் 30,000 ரூபாய் தரச் சொன்னது. ஆனால் அது கோர்ட்டின் கருணையில் கிடைத்தது. உரிமையாகக் கேட்டு வாங்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2018-ல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை.

பறித்த வருஷங்களைத் திருப்பித் தர எந்த சர்க்காராலும் ஆகாது. வீடு திரும்புகிறவன் அடுத்த மாத அரிசிக்குக் கை ஏந்தாதபடி செய்யலாம் அல்லவா?