எல்லையும் காவலும்: புதுக்கோட்டை மண்ணுக்கு வந்த சட்டத்தின் வரலாறு

2020 பிப்ரவரி 20ஆம் நாள் தமிழகச் சட்டமன்றம் ‘தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம்’ என்னும் சட்டத்தை நிறைவேற்றியது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் 13 ஊராட்சி ஒன்றியங்களில் 5 ஒன்றியங்கள் அதன் எல்லைக்குள் வந்தன. 8 ஒன்றியங்கள் வெளியே நின்றன. நெடுவாசல் போராட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் நம் மாவட்டத்தில் இருக்க முடியாது. ஆயினும், தம் வயலும் கிணறும் அந்த எல்லையின் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்கள் சிலரே.

அந்த எல்லை எவ்வாறு பிறந்தது, எதைக் காக்கிறது, எதைக் காக்காமல் விட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம். நிலத்துக்கு எல்லையிட்டுக் காப்பது நம் மார்க்க வரலாற்றில் மிகப் பழைய செய்தி. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

ஹிமா என்னும் காப்பு நிலம்

இஸ்லாத்துக்கு முந்திய அரபு நாட்டில் வலிமை மிக்க குலத்தலைவர்கள் செழிப்பான மேய்ச்சல் நிலத்தைத் தமக்கென்று வளைத்துக்கொண்டு, பிறர் கால்நடைகளை விரட்டிவிடுவர். அவ்வாறு வளைக்கப்பட்ட நிலத்துக்கு ஹிமா என்று பெயர். அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் இந்த வழக்கத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவித்தார்கள். பொது நன்மைக்காக அன்றி எவரும் நிலத்தை அடைத்து வைக்கலாகாது என்பதே இதன் கருத்து என மார்க்க அறிஞர்கள் விளக்குவர். மதீனாவுக்கு அருகிலுள்ள நகீஉ என்னும் இடம் இவ்வாறு காக்கப்பட்டது.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ரபதா என்னும் பகுதியும் ஹிமாவாக ஆக்கப்பட்டது. ஹிமாவின் காவலராக ஹுனை என்பவரை உமர் (ரலி) நியமித்தார்கள். அவருக்கு அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களையும் சில ஆடுகளையும் மட்டும் வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே அனுமதிக்க வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளை அனுமதிக்கலாகாது என்பது அக்கட்டளையின் சாரம். செல்வர்களின் கால்நடைகள் அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழைக்கோ அந்த ஆடுகளை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று அதன் காரணத்தையும் விளக்கினார்கள். தடுக்கப்பட்ட இருவரும் சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற நபித்தோழர்கள் என்பதை இங்கு நாம் நினைவிற்கொள்ள வேண்டும். காப்பு நிலத்தின் விதி அவர்களுக்காகவும் தளர்த்தப்படவில்லை.

பின்வருவோரின் பங்கு

ஈராக்கின் சவாத் நிலம் முஸ்லிம்கள் வசமானபோது, அதைப் படைவீரர்களுக்குப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று பிலால் (ரலி), ஸுபைர் (ரலி) உள்ளிட்ட சிலர் வலியுறுத்தினர். உமர் (ரலி) இணங்கவில்லை. இன்று இருப்பவர்களே பங்கிட்டுக்கொண்டால் பின்னால் வருவோருக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டார்கள். அல்ஹஷ்ர் அத்தியாயத்தில் ‘அவர்களுக்குப் பின் வந்தோர்’ பற்றிக் கூறும் வசனத்தைத் தம் ஆதாரமாக எடுத்துவைத்தார்கள். இறுதியில் நிலம் உழவர்களிடமே விடப்பட்டு, அதன் வரி பொது நிதிக்கு உரியதாக்கப்பட்டது.

அத்தோடு நிற்காமல், உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களை அனுப்பி நிலத்தை அளக்கச் செய்தார்கள். அளவு 3 கோடியே 60 லட்சம் ஜரீபு என்று வந்ததாக, கலீஃபா ஹாரூன் ரஷீதின் காலத்துத் தலைமைக் காழி இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் ‘கிதாபுல் கராஜ்’ நூலில் எழுதியுள்ளார்கள். பின்வருவோருக்கென்று ஒன்றைக் காக்க விரும்பினால், முதலில் அதை அளந்து பதிவில் ஏற்ற வேண்டும் என்பதை அவர்கள் செயலில் காட்டினார்கள்.

கண்மாய்களின் நாடு

இனி நம் மண்ணுக்கு வருவோம். புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது; 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது. பேராறுகள் பாய்ந்து வளப்படுத்தும் நாடு அன்று இது. மழைநீரைத் தேக்கும் கண்மாய்களே இதன் உயிர். குளம் வெட்டியவர்களும் குமிழி அமைத்தவர்களும் தம் செயலைக் கல்லில் பொறித்து வைத்திருப்பதை இங்குள்ள பழங்கல்வெட்டுகளில் காணலாம். மேட்டூர் அணை எழுந்த 1934ஆம் ஆண்டை ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்த கல்லணைக் கால்வாய், அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடிப் பகுதிகளுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. அந்த நீருக்கு நம் மாவட்டமே கடைமடை.

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், நெடுவாசல் வட்டாரத்தின் நிலை வேறு. அங்கு ஆழ்துளைக் கிணறுகளே பாசனத்தின் ஆதாரம். நெல், வாழை, கரும்பு, தென்னை, பலா, பூ என்று ஆண்டு முழுவதும் விளையும் செம்மண் அது. நிலத்தடி நீர் கெட்டால் அந்த வட்டாரத்துக்கு மாற்று வழி கிடையாது. இதை மனத்தில் கொண்டால்தான் 2017இல் அங்கு எழுந்த அச்சத்தின் ஆழம் விளங்கும்.

நெடுவாசல்

2016 மார்ச் மாதம் ஒன்றிய அரசு ஹைட்ரோகார்பன் கொள்கை ஒன்றை ஏற்றது. கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு என எதை எடுக்கவும் ஒரே உரிமம் போதும் என்பது அதன் மையம். முன்னரே கண்டறியப்பட்ட சிறு வயல்களை ஏலத்தில் விடும் திட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. அதன்படி 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு 2017 பிப்ரவரி 15 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அவற்றுள் நெடுவாசலும் ஒன்று. கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு அது ஒதுக்கப்பட்டது.

மறுநாளே ஊர் மக்கள் திரண்டனர். முதற்கட்டப் போராட்டம் மூன்று வாரங்கள் நீடித்தது. வாக்குறுதியை நம்பி மார்ச் 9 அன்று அதை நிறுத்தினர். ஆனால் மார்ச் 27 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஏப்ரல் 12 அன்று தொடங்கிய இரண்டாம் கட்டம் 174 நாட்கள் நடந்தது. மாநில அரசு சுரங்கக் குத்தகையை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தராததால் பணி தொடங்கவில்லை.

இத்தகைய சிக்கலுக்கு வேர் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. வேளாண்மையும் நிலமும் மாநிலப் பட்டியலில் உள்ளன. எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெயும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. மேல்மண் ஒருவர் அதிகாரத்திலும் அடியிலுள்ள எண்ணெய் மற்றொருவர் அதிகாரத்திலும் இருக்க, இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் உழவர்.

2020 ஜனவரி 16 அன்று மற்றொரு மாற்றம் வந்தது. எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை திருத்தப்பட்டது. அதன் பின்னரே, பிப்ரவரி 9 அன்று, அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி வேளாண் மண்டலத்தை அறிவித்தார். பதினோரு நாட்களில் சட்டம் நிறைவேறியது.

சட்டம் சொல்வது என்ன?

அன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுமையாகவும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களும் மண்டலத்துக்குள் வந்தன. நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்தும் உள்ளே இருக்கின்றன. அன்னவாசல், விராலிமலை, குன்றாண்டார்கோவில், கந்தர்வகோட்டை, புதுக்கோட்டை, திருமயம், அரிமளம், பொன்னமராவதி ஆகிய எட்டும் வெளியே இருக்கின்றன.

மண்டலத்துக்குள் எண்ணெய், எரிவாயு ஆய்வும் அகழ்வும் புதிதாகத் தொடங்க முடியாது. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்காலைகளும், தோல் பதனிடும் ஆலைகளும் தடைப்பட்டியலில் உள்ளன. ஆனால் சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. துறைமுகம், குழாய்வழி, சாலை, மின்சாரம் போன்ற கட்டமைப்புகளுக்கும் விலக்கு உண்டு.

தோல் பதனிடுதல் அப்பட்டியலில் இருப்பதை நாம் கடந்து போகக் கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறைகளாகச் செய்துவரும் தொழில் அது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. அதே தொழிலின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பதும், கேடு வருமுன் தடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறுதியிட்டது. தீங்கு செய்யலாகாது, தீங்குக்குத் தீங்கும் கூடாது என்ற ஷரீஅத் விதியை ஓதும் நாம், அது நம் தொழிலுக்கும் பொருந்தும் என்பதை ஏற்க வேண்டும்.

எல்லை போட்ட பிறகு

சட்டம் வந்து பதினாறு மாதங்கள்கூட முடியாத நிலையில், 2021 ஜூனில் ஒன்றிய அரசின் ஏல அறிவிப்பில் கறம்பக்குடிப் பகுதியின் வடதெரு இடம்பெற்றது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார். 2023 மார்ச் இறுதியில் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகியவை சேர்க்கப்பட்டன. முதல் இரண்டும் வேளாண் மண்டலத்தைத் தொடுபவை என்று மாநில அரசு சுட்டிக்காட்டியது. எதிர்ப்பு எழுந்தபின் ஏப்ரல் 8 அன்று மூன்றும் நீக்கப்பட்டன.

இவ்விரு நிகழ்வுகளிலும் ஒரே பாடம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தில் எல்லை இருந்தபோதும் ஏலப் பட்டியல் அதைத் தாண்டி வந்தது. மக்களும் அரசும் விழித்திருந்ததால்தான் எதிர்ப்புக் குரல் உரிய நேரத்தில் எழுந்தது. ரபதாவுக்கு எல்லை மட்டும் இருந்து ஹுனை இல்லாதிருந்தால், வலியவர் மந்தைகள் உள்ளே வந்திருக்கும்.

நம் பொறுப்பு

இந்தக் காவலில் நமக்கும் பங்குண்டு. நம் நிலம் எந்த ஒன்றியத்தில் உள்ளது, அதன் புல எண் என்ன, பட்டா யார் பெயரில் உள்ளது என்பவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். பள்ளிவாசல் வக்ஃபு நிலங்களையும் ஊர்க் கண்மாயையும் அளந்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு வைப்போம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராமசபையில் அயலாரான மாற்று மத உழவர்களோடு சேர்ந்து அமர்வோம். எல்லைக்கு வெளியே நிற்கும் எட்டு ஒன்றியங்களின் மண்ணுக்காகவும் கேட்போம். அன்னவாசலின் கிணறும் அறந்தாங்கியின் கிணறும் அல்லாஹ் இறக்கிய ஒரே மழையில்தான் ஊறுகின்றன.

நமக்குப் பின் வருவோரின் பங்கை அவர்களிடம் குறைவின்றி ஒப்படைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.