அப்பாயியின் பிஸ்கட் டின்

தட்டு உடைந்தபோது யாரும் அதைத் தொடவில்லை. அடுப்பிலிருந்து எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. எடிசன் வீட்டில் எல்லோரும் இரவுச் சாப்பாட்டில் இருந்தோம். ஹாலிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். போய்ப் பார்த்தால், அக்காவின் வளைகாப்புக்காக நான் செய்த கண்ணாடித் தட்டு நடுவே பிளந்து கிடந்தது.

அந்தத் தட்டில் இருந்தவை அப்பாயியின் வளையல்கள். அப்பாயி என்றால் அப்பாவின் அம்மா. கும்பகோணம் பக்கம். 1993இல் தாத்தா இறந்த பத்தாம் நாள், அவர் கையிலிருந்த கண்ணாடி வளையல்களை உடைத்தார்கள். அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்பதே உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் பதினாறு வயதுவரை தெரியாது. உடைந்த துண்டுகளை அப்பாயி பொறுக்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தார். "உடைச்சதை வீட்ல வெச்சுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் கேக்கல" என்றார் ஒருமுறை. அந்த டின் அவரோடு விமானம் ஏறி நியூ ஜெர்சிக்கு வந்தது.

எங்கள் கராஜில் ஒரு பழைய மின்சாரச் சூளை இருக்கிறது. பாரகன் கம்பெனி, டெக்ஸாஸின் மெஸ்கீட்டில் செய்தது. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒரு தெளிந்த கண்ணாடிப் பலகையின் மேல் வளையல் துண்டுகளை அடுக்கி, 1490 டிகிரி பாரன்ஹீட்டுக்குச் சூடாக்கினேன். அதாவது சுமார் 810 செல்சியஸ். எல்லாம் ஒன்றாக இளகி ஒட்டிக்கொண்டது. வெளியே எடுத்தபோது அழகாகவே இருந்தது. பிறகுதான் அந்த 'டிக்'.

ஏன் உடைந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. ஒரு தட்டுக்கு இவ்வளவு சரித்திரமா என்று நினைக்காதீர்கள்.

கண்ணாடி என்றாலே ஒருவர் குழலில் ஊதும் படம்தான் நம் மனதில் வரும். ஆனால் ஊதும் கலை ரொம்பப் பிந்தியது. அது சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிரியா, பாலஸ்தீனப் பகுதியில் தொடங்கியது. அதற்கு முன்பே, வண்ணக் கண்ணாடித் துண்டுகளை அடுக்கி, சூளையில் வைத்து ஒட்டவைத்து, அந்தத் தகட்டை ஒரு அச்சின் மேல் சரியவிட்டுக் கிண்ணம் செய்தார்கள். சூளையே வேலையைச் செய்யும். கராஜில் நான் செய்வது இதைத்தான். ரோமானியர்களின் வரிவரியான தடித்த கிண்ணங்களும் இந்த முறையில்தான் உருவாகின என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் பக்கத்துக் கதை அரிக்கமேட்டில். புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரை. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி ரோமானிய மட்பாண்டங்களைக் கண்டெடுத்ததால், பாடப் புத்தகங்களில் அது 'ரோமானிய வணிகத் தலம்' என்று பதிந்துவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அந்த மண்ணில் கொட்டிக் கிடந்தவை கண்ணாடி மணிகள். கடுகைவிடச் சற்றுப் பெரியவை. சிவப்பு, கருநீலம், பச்சை, மஞ்சள். அங்கேயே செய்தவை. பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். ஏனென்றால் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஜப்பான் வரை அவை கிடைக்கின்றன. இலங்கையில் மன்னார் பக்கத்து மாந்தையிலும் செய்தார்கள். ரோமிலிருந்து நமக்கு வந்ததைப் பற்றியே பேசுகிறோம். இங்கிருந்து போனது இவ்வளவு.

செய்முறை எப்படி என்று ஊகிக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அது சாகவில்லை. காளஹஸ்திக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்று ஒரு ஊர். அங்கே இதே முறையில் மணி செய்வதை பிரான்சிஸ் போய்ப் பார்த்து எழுதினார். 'லாடா' என்ற நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டி, நடுவே துளை இருக்கும்படி செய்து, எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அதை மெல்லிய குழலாக இழுத்துக்கொண்டே இருப்பார். பிறகு குழலைப் பொடிப்பொடியாக வெட்டுவார்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும். அதனால் மணிகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்கிக் கிளறுவார்கள். சாம்பல் துளைக்குள் புகுந்து அதை மூடாமல் காக்கும். விளிம்பு மட்டும் இளகி உருண்டையாகும். இன்றைக்கு நாங்கள் 'ஃபயர் பாலிஷ்' என்று சொல்லிச் சூளையில் செய்வது வேறொன்றுமில்லை, இதுதான். நான் சூளைத் தட்டில் பூசும் வெள்ளை மாவுக்கும் அந்தச் சாம்பலுக்கும் ஒரே வேலை: கண்ணாடி ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டாமல் தடுப்பது. (மாவு கலக்கும்போது மாஸ்க் போடுங்கள். நுரையீரலுக்கு அந்தத் தூசி ஆகாது.)

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். அரிக்கமேட்டு மணி ஒவ்வொன்றும் ஒரே நிறம். ஒரு மணிக்குள் ஒரே கண்ணாடி. இதற்குப் பிறகு வருகிறேன்.

நாங்கள் வாழும் நியூ ஜெர்சிக்கும் கண்ணாடியில் பங்கு உண்டு. காஸ்பர் விஸ்டார் என்ற ஜெர்மன்காரர் பிலடெல்பியாவில் பித்தளைப் பொத்தான் செய்துகொண்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து நான்கு கண்ணாடித் தொழிலாளர்களை வரவழைத்து, 1739இல் சேலம் கவுன்டியில், இன்றைய அலோவே ஊர்ப்பக்கம் ஒரு ஆலை தொடங்கினார். தென் ஜெர்சியில் நல்ல மணலும் எரிக்க மரமும் ஏராளம். அமெரிக்கக் காலனிகளில் நிலைத்து நின்ற முதல் கண்ணாடி ஆலை அதுதான் என்கிறார்கள். காலனிகள் சொந்தமாகப் பொருள் செய்வது லண்டனுக்குப் பிடிக்காது. 1768இல் ஆளுநர் வில்லியம் பிராங்க்ளின் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில், அங்கே செய்வது பாட்டிலும் ஏழைகள் ஜன்னலுக்கான மட்டமான பச்சைக் கண்ணாடியும்தான், லாபமும் பெரிதாக இல்லை என்று எழுதினார். வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார் என்று நினைக்க இடமிருக்கிறது. மில்வில்லில் இருக்கும் அமெரிக்கக் கண்ணாடி அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். டர்ன்பைக்கில் எத்தனையோ முறை போயிருப்பீர்கள், இது யாருக்கும் தெரியாது.

ஆனால் இவை எல்லாம் ஆலைகள். வீட்டில் கண்ணாடி வேலை என்பது ரொம்பச் சமீபத்துக் கதை. 1962இல் ஒஹாயோவின் டொலீடோ அருங்காட்சியகத்து வளாகத்தில் ஒரு கராஜில் ஹார்வி லிட்டில்டன் சின்ன உலை வைத்து, ஆலை இல்லாமலே ஒருவர் கண்ணாடி ஊதலாம் என்று காட்ட முயன்றார். முதலில் உருக்கிய கண்ணாடி சரிவரவில்லை. டொமினிக் லபினோ கொடுத்த கண்ணாடிக் கோலிகள்தான் காப்பாற்றின. அடுத்த இரண்டே ஆண்டில் மார்வின் லிபோஃப்ஸ்கி அதை பெர்க்லிக்குக் கொண்டுபோனார். பே ஏரியா வாசகர்களே, உங்கள் ஊர்தான்.

அது ஊதுவது. என்னைப் போலச் சூளையில் ஒட்டவைப்பவர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை இருந்தது. அதுதான் என் தட்டையும் உடைத்தது.

சூடானால் கண்ணாடி விரியும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு அளவு. கடையில் '90' என்று எழுதி விற்கும் கண்ணாடி, ஒரு டிகிரி செல்சியஸுக்குத் தன் நீளத்தில் ஒரு கோடியில் 90 பங்கு மாறும். 30 சென்டிமீட்டர்த் தட்டு 450 டிகிரி குளிரும்போது சுமார் 1.2 மில்லிமீட்டர் சுருங்கும். அதன் மேல் '100' வகைக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அது இன்னும் 0.13 மில்லிமீட்டர் கூடச் சுருங்கப் பார்க்கும். ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன, விலக முடியாது. இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு மணி நேரமோ ஒரு மாதமோ கழித்து விட்டுவிடும்.

1974இல் ஓரிகனின் போர்ட்லாண்டில் மூன்று இளைஞர்கள் புல்ஸ்ஐ என்ற வண்ணக் கண்ணாடிக் கம்பெனி தொடங்கினார்கள். 1979இல் ஜெர்மன் கலைஞர் கிளாவுஸ் மோயே வாஷிங்டன் மாநிலத்தின் பில்சக் பள்ளியில் பாடம் நடத்த வந்தபோது, ஒன்றோடொன்று சேரக்கூடிய வண்ணத் தகடுகள் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்ற பேச்சு அவர்களுக்குள் நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் புல்ஸ்ஐ ஒவ்வொரு நிறத்தையும் சோதித்து, 'இவை சேரும்' என்று உறுதி சொல்லி விற்க ஆரம்பித்தது. என் கணக்கில், வீட்டுச் சூளைக்காரர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய கருவி இதுதான். மின்சாரச் சூளை அதற்கு முன்பே இருந்தது. நம்பி ஒட்டவைக்கக் கண்ணாடிதான் இல்லை.

நான் செய்த தப்பு புரிகிறதா? சோதித்த பலகையின் மேல் சோதிக்காத வளையலை வைத்தேன். இந்தியக் கண்ணாடி வளையல்களில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்து பிரோசாபாத்தில் செய்தவை. அங்கே பல ஆலைகள், பல கலவைகள். அப்பாயியிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் ஒரே வரியில் முடித்தார்: "ஒண்ணொண்ணும் ஒவ்வொரு கடையில வாங்கினது. எப்படிறா சேரும்?"

சேருமா சேராதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, நீங்களும் செய்யலாம். தெளிந்த பட்டையின் மேல் ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒரு துணுக்கு வைத்து உருக்குங்கள். சுமார் 482 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரமாவது நிறுத்தி, மெல்ல ஆறவிடுங்கள். அவசரப்பட்டு ஆறவிட்டாலும் இதே இறுக்கம் வரும், பிறகு எது காரணம் என்று தெரியாது. லேப்டாப்பில் வெள்ளைத் திரை வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகும்வரை திருப்புங்கள். நடுவே அந்தப் பட்டையைப் பிடியுங்கள். இறுக்கம் இருந்தால் துணுக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். அப்பாயியின் வளையல்களில் ஒன்பது வகை இருந்தது. ஒன்பதைச் சுற்றியும் வட்டம்.

அப்போதுதான் அரிக்கமேட்டு மணி நினைவுக்கு வந்தது. ஒரே கண்ணாடி என்றால் இந்தச் சண்டையே கிடையாது. பலகையைத் தூக்கிப் போட்டேன். ஒவ்வொரு வளையலின் துண்டுகளையும் தனித்தனியே குவித்துச் சூளையில் வைத்தேன். கொஞ்சமாக இருக்கும் கண்ணாடி உருகினால் தானாகவே திரண்டு உருண்டு, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனில் நிற்கும். தங்கக் கோடுகள் எரிந்துபோயின. காலையில் ஒன்பது சொட்டுகள், ஒன்பது நிறம்.

வளைகாப்பில் இதைக் கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அம்மா தயங்கினார். அப்பாயியே வேண்டாம் என்றார், "மங்கல காரியத்துல இது எதுக்கு?" என்று. ஃப்ரீமான்டிலிருந்து அக்கா போனில், "எனக்கு அதுதான் வேணும் அப்பாயி. நீங்கதான் கொண்டுவந்து குடுக்கணும்" என்றாள். அப்பாயி பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி டைனிங் டேபிளில் சொட்டுகளை வரிசையாக வைத்து, பச்சையை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார்.

"இது தேருக்கு வாங்கினது" என்றார். "தாத்தா பேரம் பேசாம வாங்கினார்."

பிறகு ஒன்பதையும் துடைத்து, அதே பிஸ்கட் டின்னில் போட்டு, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஃப்ரீமான்டுக்குப் போகும்போது அதை லக்கேஜில் போட விடவில்லை.