விருந்தினர் வரும் வாரத்திலும் உள்ளூர் விளைச்சல்

தமிழகத்தில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் சிங்கப்பூர்த் தமிழர் பலரது வீட்டில் பாய், தலையணைக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். சித்தப்பா குடும்பமோ அத்தை குடும்பமோ வந்திறங்க, நால்வருக்கான சமையல் ஒன்பது பேருக்கானதாக மாறும். உள்ளூர்ப் பொருளையே, அதுவும் பிறருக்குத் தீங்கின்றி விளைந்ததையே வாங்குவது என்று முடிவெடுத்த குடும்பங்களின் உறுதி அந்த வாரத்தில்தான் ஆட்டம் காண்கிறது.

சிங்கப்பூர் தனக்கு வேண்டிய உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. அரிசி, பருப்பு, வெங்காயம், ஆட்டிறைச்சி அனைத்தும் வெளியிலிருந்து வருபவை. அவற்றுக்காக மனம் வருந்திப் பயனில்லை. முட்டை, கீரை, மீன் ஆகிய மூன்றில் கவனம் வைக்கலாம்.

இங்கு உண்ணப்படும் முட்டையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளில் கிடைப்பது. லிம் சூ காங், கிராஞ்சி வட்டாரத்தில் கீரை வகைகள் விளைகின்றன. அங்கிருந்து வரும் ‘பாயாம்’ நம் தண்டுக்கீரைக்கு உறவு. பருப்போடு கடைந்தால் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வேறுபாடு தெரிவது கடினம். பறித்த இடம் பக்கம் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் சற்றுக் கூடுதல் நாள் தாங்கும்.

மீன்தான் சிக்கல். விருந்தினர் கேட்பது வஞ்சிரம். ஜோகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் வளர்வதோ கொடுவா. புளி தூக்கலாக வைத்த குழம்புக்குக் கொடுவா நன்றாகவே பொருந்தும். ஈரச்சந்தையில் மீன் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்டே வாங்க வேண்டும். பேரங்காடியில் உறையைப் பார்த்தால் போதும்.

விலை கூடுதல்தான். மலேசிய முட்டை பெரும்பாலும் மலிவு. ஒன்பது பேருக்கு எல்லா வேளையும் உள்ளூர்ப் பொருள் என்றால் பட்ஜெட் இடிக்கும். காலை ஆம்லெட்டுக்கும் ஒரு நாள் மீன் குழம்புக்கும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. “எங்க ஊர்ல இது பாதி விலை” என்று மாமா சொல்லும்போது சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்தாமல் இருப்பதும் விருந்தோம்பல்தான்.

பலகாரம் பொரிக்க எண்ணெய் நிறைய செலவாகும். 2015ஆம் ஆண்டின் கடும் புகைமூட்டத்தை மறக்காதவர்கள், செம்பனை எண்ணெய் வாங்கும்போது ‘ஆர்எஸ்பிஓ’ சான்று உள்ளதா என்று பார்க்கலாம். துணிப் பையும் கையோடு இருக்கட்டும். 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு.

கடைசி நாள் முஸ்தஃபா பயணத்தைத் தவிர்க்க முடியாது. சாக்லெட்டுகள் எங்கிருந்தோ வருபவை. ஆனால் ஊருக்குப் பெட்டி கட்டும்போது பாட்டிமார் தவறாமல் கேட்கும் கோடாலித் தைலம், 1928ல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு.