வெப்பத்தைப் பங்கிட்ட நகரசபைகள்

டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனால் நாற்புறமும் சூழப்பெற்றும், தனக்கெனத் தனியான ஆட்சிமன்றம் உடையது பிரடெரிக்ஸ்பேர்க் நகரம். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நகரசபையை வாட்டிய கவலை எரிபொருளைப் பற்றியதன்று, குப்பையைப் பற்றியது. மக்கள் பெருகினர், குப்பை கொட்ட நிலம் எஞ்சவில்லை. எனவே நகரசபையார் 1903ஆம் ஆண்டில் குப்பையை எரிக்கும் ஆலையொன்றை நிறுவினர். எழுந்த வெப்பத்தை வீணே போக்க மனமில்லாது, அதனால் நீராவியாக்கி மின்சாரம் எடுத்தனர். எஞ்சியதை நிலத்தடிக் குழாய்களின் வழியே அண்மையிலிருந்த மருத்துவமனைக்கும் சிறுவர் இல்லத்திற்கும் ஏழையர் விடுதிக்கும் அனுப்பினர். ஓரிடத்தில் வெப்பத்தை ஆக்கி ஊருக்குப் பகிரும் முறை டென்மார்க்கில் இவ்வாறு ஒரு நகரசபையின் சிக்கனத்தாற் பிறந்தது.

நம் நாட்டு நேயர்களுக்கு வெப்பம் விலைகொடுத்து வாங்கும் பொருளாகத் தோன்றாது. பனி உறையும் நாடுகளிலோ அது உணவுக்கும் உடைக்கும் அடுத்த தேவை. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது டென்மார்க்கின் எரிசக்தியில் நூற்றுக்கு 90 பங்களவு இறக்குமதி எண்ணெயிலேயே தங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது, வீடுகள் குளிர்ந்தன.

இதன் விளைவாக 1979ஆம் ஆண்டில் வெப்ப வழங்கற் சட்டம் நிறைவேறியது. பாராளுமன்றம் திட்டத்தின் நுணுக்கங்களைத் தானே வகுக்க முற்படவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு வெப்பம் வேண்டும், அது எவ்வெரிபொருளாற் கிடைக்கின்றது, அருகிலுள்ள மின்னிலையத்தில் வீணாகும் வெப்பம் எவ்வளவு என்று கணக்கெடுக்கும் கடமையை ஒவ்வோர் உள்ளூராட்சி மன்றத்திடமும் அது ஒப்படைத்தது. அக்கணக்கைக் கொண்டே இப்பகுதிக்கு வெந்நீர்க் குழாய், அப்பகுதிக்கு இயற்கை வாயு என்று வரையறை செய்தனர். வெப்பத்தை விற்று இலாபம் ஈட்டலாகாது என்பதும் விதியாயிற்று. தெருவை அறிந்தவரிடமே தெருவின் திட்டத்தை விட்டது அறிவுடைய செயலே.

ஆயினும் அச்சட்டத்தில் ஒரு வன்மையும் இருந்தது. பொதுக் குழாயுடன் இணையுமாறு வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தவும் நகரசபைக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. தன் வீட்டு அடுப்பின் மீதும் நகரசபைக்கு ஆணை உண்டோ என்று ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆனால் பாதி வீடுகள் இணைய மறுப்பின், குழாயின் செலவு மற்றப் பாதியினரின் தலையிலன்றோ விழும்? புதிதாகக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் 2019இல் நீக்கப்பட்டது. அதற்குள் நாட்டின் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு குழாயுடன் இணைந்துவிட்டன.

குழாய் அமைந்தபின் எரிபொருளை மாற்றுதல் எளிதாயிற்று. வீடுவீடாகச் சென்று அடுப்பை மாற்ற வேண்டியதில்லை. ஆலையில் மாற்றினாற் போதும். எண்ணெய்க்குப் பதில் நிலக்கரியும், பின்னர் வைக்கோலும் மரமும் வந்தன. மார்ஸ்தால் என்னும் சிற்றூரிற் சூரிய வெப்பமே குழாயில் ஏறியது. காபன் வெளியேற்றம் தாழ்ந்ததற்கு இம்மாற்றங்கள் பெரிதும் துணைபுரிந்தன. மரத்தை எரிப்பதையும் அக்கணக்கிற் சேர்க்கலாமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

2025க்குள் காபன் சமநிலை எய்துவதாகக் கொப்பன்கேகன் மாநகரசபை 2012இல் உறுதிபூண்டது. 2022இல் அக்குறிக்கோள் எட்டாதென அறிவித்தது. குப்பை எரிக்கும் ஆலையின் புகையிலிருந்து காபனைப் பிரித்தெடுக்கும் திட்டத்திற்கு வேண்டிய அரசாங்கப் பணம் கிட்டாமையே முதன்மையான காரணம். பிரடெரிக்ஸ்பேர்க்கில் அன்று வெப்பந்தந்த குப்பையைப் போலன்றி, இக்காலக் குப்பையிற் பிளாத்திக்கு மிகுந்திருந்தது.