தீ எப்போது மூண்டது? திருநாளைப்போவார் வரலாற்றில் விதியும் மனமும்

நந்தனார் எனப்படும் திருநாளைப்போவாரின் கதைக்குச் சேக்கிழாரின் பெரியபுராணமே மூலம், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அதன் திரிபு என்று கொள்வது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். அதற்குப் பெருந்துணை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தீர்ப்பு. பாரதியார் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தபோது பிள்ளை தயங்கினார். இலக்கண வழுக்களோடு, பெரியபுராணத்திலிருந்து கதை விலகியதும் அவருக்கு உவப்பாக இல்லை. பின்பு பாரதியார் பாடக் கேட்டு நெகிழ்ந்து பாயிரம் தந்தார் என்கிறார் உ.வே.சா. நெகிழ்ந்தது பாட்டுக்கு, கதையைப் பற்றிய தீர்ப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தீர்ப்போடுதான் எனக்கு உடன்பாடில்லை.

விலகல் குற்றமென்றால் சேக்கிழாரும் தப்பமாட்டார். அவருக்கு முன், சுந்தரர் நாளைப்போவாரின் பெயரை மட்டும் சொல்கிறார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியின் ஒரே பாட்டில் ஆதனூரையும், புலை நீங்கி முனிவரானதையும், தில்லை மூவாயிரவர் கைகூப்பியதையும் சொல்லிவிடுகிறார். தில்லைக் கோயிலுக்குள் போகுமுன் நாளைப்போவார் மூழ்கி எழுந்த தீ அங்கே இல்லை. இரண்டாம் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழாரின் 37 பாடல்களில்தான் தென்மதிலின் புறத்தே தீ மூள்கிறது. அந்தாதிச் செய்யுளில் இடமில்லை என்பர் சிலர். ஊரின் சோலைக்கு இடமிருந்த பாட்டில் தீக்கு மட்டும் இடமில்லையா? சொல்லாததிலிருந்து வாதிடுவது பலவீனமான முறைதான். ஆயினும் கதையின் உச்சமாகவே தீ நம்பிக்குத் தெரிந்திருந்தால், அதை விட்டுவிட்டு மூவாயிரவரின் கைகளைப் பாடியிருப்பாரா? நம்பியின் காலம் முதலாம் ஆதித்தன் ஆட்சியா, முதலாம் இராசராசன் ஆட்சியா என்ற வழக்கு முடியவில்லை. ஆகவே தீ நுழைந்த காலத்தை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு இடைவெளிக்குள்தான் வைக்க முடிகிறது.

இந்த இடைவெளியில் சேரியை விலக்கிய விதி எப்படி எழுதப்பட்டது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் கல்வெட்டு காட்டுகிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களில் வரிக்கணக்கில் சேராத நிலங்களை அது ஊர் ஊராக அடுக்குகிறது: ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களுக்குத் தீண்டாச்சேரியும் உண்டு. வெறுப்போ விளக்கமோ இல்லை. விலக்கு, வாய்க்காலைப் போலவே நிலவியல் உண்மையாகப் பதிவாகியிருக்கிறது. சேக்கிழாரின் ஆதனூர்ச் சேரி இந்த உலகத்தைச் சேர்ந்தது. அவருடைய நாளைப்போவார் பண்ணையாள் அல்லர். ஊர் விட்ட மானிய நிலத்தில் உண்டு, பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அர்ச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். அவர் செய்த பொருள்கள் கோயிலுக்குள் போயின, அவர் போகவில்லை. திருப்புன்கூரில் அவர் வெளியே நின்று காண நந்தி விலகியது, வாயில் திறக்கவில்லை. தில்லையில் இறைவனே அந்தணர் கனவில் வந்து தீ அமைக்கச் சொல்கிறான். அன்பு வென்றது, ஆனால் மாறியது அன்பரின் உடல். விதி ஓர் எழுத்தும் மாறாமல் நிற்கிறது.

பாரதியார் சேர்த்த வேதியப் பண்ணையாரைப் பிள்ளையால் ஏற்க முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் காவிரிக் கழனியை அறிந்தவர்க்கு அந்தப் பாத்திரம் அயலானதல்ல. நரிமணத்தில் பிறந்து, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்த பாரதியாரும் அந்தணரே. நாற்பது வேலி, அதாவது ஏறத்தாழ 266 ஏக்கர், ஒரே இரவில் விளைந்து கிடக்கக் கண்ட பண்ணையார் நந்தன் காலில் விழுகிறார். மாற வேண்டியவன் விலக்கப்பட்டவனல்லன், விலக்கியவன் என்று இக்கதை முதன்முறையாகக் கேட்டது இங்கேதான் என்பது என் துணிபு. இதற்கு மறுப்பும் உண்டு: அந்த மனமாற்றம் அன்பால் வரவில்லை, அற்புதத்தால் வந்தது, தீயையும் பாரதியார் நீக்கவில்லை. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விழுதல் தில்லைக்குப் போகுமுன், தீக்கு முன், வயலில் நிகழ்கிறது. நந்தனின் உடல் அப்போது சேரி உடலே. பிள்ளை பிழையென்று கண்ட அந்த விலகலை நீக்கிவிட்டால், தீ தொடாத நந்தனை ஒரு மேல்சாதிக்காரர் வணங்கும் காட்சியே கீர்த்தனையில் இராது.

சேக்கிழாரிடம் ஓர் எழுத்தும் மாறாத அந்த விதியைப் பின்னாளில் மாற்ற 1939இலும் 1947இலும் வந்த சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டங்கள் யாரையும் தீக்குளிக்கச் சொல்லவில்லை. யார் காலிலும் விழச் சொல்லவுமில்லை. சட்டத்தால் அது ஆகிற காரியமுமல்ல.