வாரம் ஒரு பென்னி

குழந்தை பெயரில் இன்ஷூரன்ஸ் என்றதும் உங்களுக்குப் படிப்புச் செலவு, ஆஸ்பத்திரி பில் எல்லாம்தான் ஞாபகம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது சவ அடக்கச் செலவுக்கு! அங்கே அப்போது பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150, முதல் பிறந்தநாளையே பார்க்கவில்லை. கையில் காசில்லை என்றால் ஊர்ச் செலவில் அநாதைப் பிணம் மாதிரி புதைத்துவிடுவார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தே தொழிலாளி வீட்டு அம்மாக்கள், வாசலுக்கு வரும் ஏஜென்ட்டிடம் வாரம் ஒரு பென்னி கொடுத்தார்கள்.

பணம் என்று வந்தால் சந்தேகமும் கூடவே வருமே? மேரி ஆன் காட்டன் என்பவள், ஏழு வயதான மூத்தாள் மகனை 1872-ல் ஆர்சனிக் வைத்துக் கொன்றதாகத் தீர்ப்பானது. பையன் பெயரில் பாலிசி இருந்தது. மறுவருடம் மார்ச்சில் டர்ஹாம் சிறையில் அவளுக்குத் தூக்கு. 1875-ல் வந்த சட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறந்தால் 6 பவுண்டு, பத்து வயதுக்குட்பட்டதற்கு 10 பவுண்டு, அதற்கு மேல் கூடாது என்றது.

அப்படியும் விடவில்லை. குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கச் சங்கம் கண்ட பாதிரியார் பெஞ்சமின் வாஹ், 1890-ல் இந்த பாலிசிகளுக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். பிரபுக்கள் சபையில் மசோதாகூட வந்தது. நிறைவேறவில்லை. நல்லதாப் போச்சு! எவளோ ஒருத்தி செய்த பாவத்துக்கு, பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைத் தாய்கள் அத்தனை பேரையும் கூண்டில் ஏற்றுவதா? பணக்காரர் பாலிசி எடுத்தால் முன்யோசனை, ஏழை எடுத்தால் சதியா?

சரி, உயிரோடு இருக்கும் குழந்தைக்காகப் பணம்? அதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு ஆச்சு. தென்னாப்பிரிக்க டாக்டர் மேரியஸ் பர்னார்ட், 1967-ல் உலகின் முதல் மனித இதய மாற்று ஆபரேஷனைச் செய்த கிறிஸ்டியான் பர்னார்டின் தம்பி. அந்த டீமிலேயே இருந்தவர். தான் பிழைக்கவைத்த நோயாளிகள் வீட்டுக்குப் போய் வருமானமில்லாமல் நொடித்துப்போவதைப் பார்த்து நொந்தார். செத்தால் கொடுக்கும் பணத்தைப் பிழைத்தாலும் கொடுங்களேன் என்று மல்லுக்கு நின்றார். 1983-ல் பாலிசி பிறந்தது. ஹார்ட் அட்டாக், பக்கவாதம், கேன்சர், பைபாஸ்... இந்த நான்குக்குத்தான் முதலில்!

பிரிட்டனில் பிற்பாடு இந்த வகை பாலிசிகளில் பெற்றோரோடு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவோ அம்மாவோ சம்பளமில்லா லீவு போட்டுவிட்டுக் கட்டிலருகே உட்கார அந்தப் பணம் உதவும். பல பாலிசிகளில் ஒரு ஷரத்து உண்டு. நோய் உறுதியான பிறகு, குறிப்பிட்ட சில நாட்களாவது குழந்தை உயிரோடு இருந்தால்தான் பணம்.